புது வீடும் பழைய ஆறும்

கோடை விடுமுறையில் வீடு மாறும் குடும்பங்கள் பல. பெற்றோர் சாமான்களை அடுக்குவதில் முனைந்திருக்க, பிள்ளைகளின் மனமோ பழைய வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிடுகிறது.

நாங்கள் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குக் குடியேறினோம். ஆறு வயது மகள் இரவுதோறும் பாட்டியைத் தேடி அழுதாள். புதுப் பொம்மைகளும் அவளைத் தேற்றவில்லை.

ஒரு ஞாயிறு மாலை, கட்டுச்சோற்றுடன் முக்கொம்புக்குச் சென்றோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் அது. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இடமும் அதுவே. மறு வாரம், கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணைக்குச் சென்றோம். எங்கும் மணலே மிகுதியாகத் தெரிந்தது.

"தண்ணீர் எங்கே, அப்பா?" என்றாள்.

"மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், அம்மா. அந்தத் தண்ணீர் முக்கொம்பைக் கடந்து, இங்கே பங்கிடப்பட்டு, பாட்டியின் ஊருக்குப் போகும்."

சற்று யோசித்தாள். "அப்படியானால், நம் வீட்டைத் தாண்டித்தான் பாட்டியிடம் போகுமா?"

அன்றிரவும் அவள் அழுதாள். ஆயினும், திருச்சி வீட்டை "நம் வீடு" என்று அவள் சொன்னது அதுவே முதன்முறை.

அன்புப் பெற்றோரே, தொலைதூரச் சுற்றுலாவுக்குப் பணம் சேரும்வரை காத்திராதீர்கள். அருகிலுள்ள ஆற்றையும் அங்காடியையும் பிள்ளைகளின் கைபிடித்துக் காட்டுங்கள். ஊர் பழகினால் வீடும் பழகும்.