உங்களுக்குத் தெரியுமா? தசையைக் கரைத்த மருந்துக் கூட்டு

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் செரிவாஸ்டாட்டின் மாத்திரையை 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. கடுமையான தசைச் சிதைவால் அமெரிக்காவில் மட்டும் 31 மரணங்கள் பதிவாகியிருந்தன. இறந்தவர்களில் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். செரிவாஸ்டாட்டினைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதை ஜெம்ஃபைப்ரோசில் தடுத்துவிடும். ரத்தத்தில் மருந்து தேங்கும், தசை நார்கள் உடையும், அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும்.

இன்றும் புழக்கத்தில் உள்ள சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தாலும் இந்த ஆபத்து உண்டு. காரணம் புரியாத தசைவலி, தளர்ச்சி, கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் சாப்பிடும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் தயவுசெய்து கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.