கட்டியங்காரன் கிண்டலும் மைக் செட் வசவும்: அரசியல் மேடையில் சிரிப்பு எப்போது வெறுப்பாகிறது?

தேர்தல் காலத்தில் உத்திரமேரூர் பேருந்து நிலையம் பக்கம் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். கட்சிக்கொடி கட்டிய மேடை, கூம்பு ஸ்பீக்கர், பாதி நிரம்பிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமாக ஒரு வேர்க்கடலை வண்டி. தலைவர் வந்து சேர ஒன்பது மணி ஆகும். பத்து மணிக்கு மேல் மைக் ஓடக் கூடாது. நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரத்துக்குக் கூட்டம் கலையாமல் இருக்கணுமே! அதற்கென்றே ஒரு பேச்சாளர் வருவார். திட்டம், வரவு செலவு எல்லாம் அவர் கணக்கில் வராது. சிரிக்க வைப்பதுதான் அவர் வேலை.

முதல் பதினைந்து நிமிஷம் உண்மையிலேயே சிரிப்பு வரும். போட்ட மூணாவது மாசமே பெயர்ந்துபோன ரோடு, ஏரிக்கரையில் பாதியில் நிற்கிற வேலை, போன தேர்தலில் கும்பிட்ட கை இந்தத் தேர்தலில்தான் மறுபடி கும்பிடுகிறது என்பது மாதிரியான பேச்சு. பிறகு கூட்டம் கொஞ்சம் நெளிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் பேச்சு சட்டென்று திரும்பும். எதிர்க்கட்சிக்காரரின் உடம்பு, நிறம், அவர் வீட்டுப் பெண்கள், அவர் பிறப்பு. சிரிப்புச் சத்தம் முன்பைவிடப் பலமாகக்கூட வரும். ஆனால், பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிப் பாருங்கள், அங்கே யாரும் சிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

யாராவது கேட்டால் பதில் ரெடி. "சும்மா தமாஷுக்குச் சொன்னதுங்க!"

இந்த பதில் நம்ம ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதே வேலையை ரேடியோ செய்கிறது. இரு தரப்புக்கும் நேரம் தர வேண்டும் என்ற விதியை 1987-ல் அங்கே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, ஒருவரே மணிக்கணக்கில் அரசியல் பேசித் தள்ளும் நிகழ்ச்சிகள் பெருகின. அதில் பெரிய நட்சத்திரம் ரஷ் லிம்பா. 2012-ல், கருத்தடை மருந்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று பேசிய சாண்ட்ரா ஃப்ளக் என்ற சட்டக் கல்லூரி மாணவியை நடத்தை கெட்டவள் என்ற பொருளில் பேசினார். விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதும் மன்னிப்பு கேட்டார். நகைச்சுவைக்காக முயன்றதில் வந்த வினை என்பதுதான் அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். டீக்கடை பெஞ்ச் பதில்தான், ஆங்கிலத்தில்!

நம் நாட்டில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதனால் அரசியல் பேச்சு ரேடியோ என்று ஒன்று இங்கே வளரவில்லை. அந்த இடத்தை முதலில் மைக் செட் பிடித்தது. இப்போது மைக் செட் பேச்சை வெட்டி முப்பது விநாடி ரீல்ஸ் ஆக்கி வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள்.

ஒரே சறுக்கல், இரண்டு சிரிப்பு

எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் கேட்ட எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார்.

இந்திரப்பிரஸ்தத்தில் மயன் கட்டிய மாளிகை. தரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் துரியோதனன் தொப்பென்று விழுகிறான். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். இதுவரைக்கும் பெரிய தப்பில்லை. பளபளவென்று வந்த ராஜா வழுக்கி விழுந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் மக்கள் சொல்லும் கதை அதோடு நிற்பதில்லை. குருட்டு அப்பனுக்குப் பிறந்தவனுக்கும் கண் தெரியவில்லை என்ற மாதிரி திரௌபதி ஒரு வார்த்தை விடுகிறாள். வியாச பாரதத்தில் அவள் அப்படிச் சொல்வதில்லை. காலம் காலமாகக் கதை சொன்னவர்கள் சேர்த்துக்கொண்டது. (பழியைத் தூக்கி ஒரு பெண் தலையில் வைப்பது நமக்குப் பழகிய கைதானே!) ஆனால் ஏன் சேர்த்தார்கள் என்று யோசித்தால் சுவாரஸ்யம். விழுந்ததைப் பார்த்துச் சிரித்தது மட்டுமே ஒரு சூதாட்டத்துக்கும் ஒரு யுத்தத்துக்கும் போதுமான காரணமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. விழுந்தது அவன் செயல். அப்பாவின் கண் அவன் செயல் இல்லை. சிரிப்பு முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிய இடத்தில்தான் பகை பிறக்கிறது.

தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. மற்ற கட்சியை விமர்சிக்கலாம். ஆனால் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு, செய்த வேலை இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொது வாழ்க்கையோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை இழுக்கக் கூடாது.

ராஜா எதிரிலேயே ராஜாவைக் கிண்டல்

அதே திருவிழாவில் இரவெல்லாம் கூத்து நடக்கும். காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் கூத்துக்குப் பேர்போன மண். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஊர் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. பெ.ராஜகோபாலின் கட்டைக்கூத்துச் சங்கமும் காஞ்சிபுரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரனுக்கு ஒரு விசேஷ உரிமை உண்டு. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடும் துரியோதனனிடமே போய், "ராஜாவே, ரேஷன்ல பருப்பு எப்பப் போடுவாங்க?" என்கிற தினுசில் கேட்பான். பஞ்சாயத்துத் தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் ஒரு குத்து விழும். சபையே சிரிக்கும். அவரும் சிரித்துத்தான் ஆகணும்.

இவ்வளவு பேசியும் கட்டியங்காரன் அடி வாங்காமல் ஊர் திரும்புகிறானே, எப்படி?

முதல் காரணம், கிண்டலுக்கு ஆளாகிறவர் எதிரிலேயே இருக்கிறார். மேடையில் ராஜா திருப்பி அதட்டுகிறார். கீழே இருப்பவர் எழுந்து பதிலுக்கு ஒன்று சொல்லலாம், சொல்வதும் உண்டு. இரண்டாவது, கட்டியங்காரன் தன்னையும் விட்டுவைப்பதில்லை. பாதி கிண்டல் அவன் மேலேயே. மூன்றாவதுதான் என் பார்வையில் ரொம்ப முக்கியம். தாம்பூலம்! அடுத்த வருஷமும் இந்த ஊர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் குழுவுக்குப் பிழைப்பு. விடிந்ததும் அதே ஊர் டீக்கடையில்தான் டீ குடிக்கணும். ராத்திரி பேசியதற்குக் காலையில் முகம் கொடுக்க வேண்டியவன் நாக்கு கொஞ்சம் யோசித்துத்தான் புரளும்.

இதையெல்லாம் சொல்லிக் கட்டியங்காரனைத் தூக்கிக் கோயிலில் வைத்துவிடவும் முடியாது. அவன் இரட்டை அர்த்த வசனங்களில் அடிபடுவது பெரும்பாலும் பெண்கள்தான். ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார, சேரியிலிருந்து வந்தவர்கள் தள்ளி நின்று பார்த்த காலத்தில், எதிரில் இருப்பவருக்கான அந்தத் தயவு அவர்களுக்கும் சமமாகக் கிடைத்திருக்கும் என்று நம்புவதற்கில்லை. பதில் சொல்லும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே கிண்டலின் அளவு இருந்திருக்கிறது.

மைக் செட் பேச்சாளருக்கு இந்த மூன்று கடிவாளமும் கிடையாது. கிண்டலுக்கு ஆளானவர் கூட்டத்தில் இல்லை. தன் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை தமாஷ் பண்ண முடியாது. பேசி முடித்ததும் கார் ஏறிப் போய்விடுவார். அந்த ஊரில் எந்தக் கடையில் டீ குடிக்கப்போகிறார்?

'ஓசி' பட்ட பாடு

எதிரில் இருப்பவரை மறந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 நல்ல உதாரணம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற திட்டம் 2021 மே மாதம் வந்தது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வரும் பெண்களைக் கேளுங்கள், மாசம் எவ்வளவு மிச்சம் என்று விரலில் கணக்குச் சொல்வார்கள். அந்தத் திட்டத்தைப் பெருமையாகச் சொல்ல வந்த அப்போதைய அமைச்சர் பொன்முடி, 2022 செப்டம்பரில் ஒரு கூட்டத்தில், பெண்களைப் பார்த்தே ஓசியில் போகிறீர்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, கிண்டல்தான். ஆனால் யாரைச் சிரிக்க வைக்க நினைத்தாரோ, அவர்களேதான் கிண்டலுக்கும் ஆளானவர்கள். ஓசி பயணம் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடு என்று கோவை பக்கம் ஒரு மூதாட்டி கண்டக்டரிடம் அடம்பிடித்த வீடியோவை ஊரே பார்த்தது. கட்சிக்காரர்கள் புதுசாக எதையாவது கிளப்பிவிடுவார்களோ என்ற கவலையோடுதான் காலையில் கண் விழிப்பதாக, அடுத்த மாதமே கட்சிப் பொதுக்குழுவில் மு.க.ஸ்டாலின் சொல்ல நேர்ந்தது.

2025 ஏப்ரலில் அதே பொன்முடி, சைவ வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலோடு முடிச்சுப் போட்டு ஒரு பழைய ஜோக்கைச் சொன்னார். கட்சிப் பதவியும் போனது, மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போனது.

தி.மு.க.வை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். அ.தி.மு.க.வின் சி.வி.சண்முகம், 2025-ல் இலவசத் திட்டங்களைக் கிண்டலடிக்கும்போது அந்தப் பட்டியலில் மனைவியையும் சேர்த்துப் பேசினார். மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் பெண்! நகைச்சுவை நாடகங்களால் பேர் வாங்கிய, அப்போது பா.ஜ.க.வில் இருந்த எஸ்.வி.சேகர், 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்தார். தான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன் என்றார். 2024-ல் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. வாட்ஸ்அப்பில் 'ஃபார்வர்டு' பட்டனைத் தட்டும் விரல்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

2021 சட்டமன்றத் தேர்தலில் ஆ.ராசா பேசியது இன்னொரு வகை. இரண்டு தலைவர்களின் அரசியல் வளர்ச்சியை ஒப்பிட, முறையாகப் பிறந்த குழந்தை, குறைப்பிரசவக் குழந்தை என்று உவமை சொல்லப் போய், எடப்பாடி பழனிசாமியின் தாயைப் பழிப்பதாக அது ஆனது. பழனிசாமி பிரசாரத்தில் கண் கலங்கினார். ராசா மன்னிப்பு கேட்டும், தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை போட்டது. உவமை என்று சொல்லிவிட்டால் போதாது. உவமைக்கு எதை எடுக்கிறோம் என்று இருக்கிறதே!

மறுபக்கமும் உண்டு

'வெறுப்பு' என்ற முத்திரையைக் குத்த அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ரொம்பவே பிடிக்கும். எம்.எல்.ஏ.வையும் அமைச்சரையும் பிக்பாக்கெட்டோடும் கொள்ளைக்காரனோடும் சேர்த்துச் சிரித்த அட்டைப்பட ஜோக்குக்காக, 1987-ல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் மூன்று மாத சிறைத்தண்டனை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பி, இரண்டு நாளில் விடுவித்தார்கள். அந்த ஜோக்கில் யாருடைய பிறப்பும் இல்லை, சாதியும் இல்லை. பதவியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும்தான். 2015-ல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மேல் தேசத்துரோக வழக்கே பாய்ந்தது. அதனால்தான், மனசு புண்பட்டதா இல்லையா என்பதை அளவுகோலாக வைப்பது ஆபத்து. பெரிய மனிதர்களுக்கு ரொம்ப சீக்கிரம் மனசு புண்படும்!

சட்டம் என்று பார்த்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு, மதம், சாதி, மொழி அடிப்படையில் பிரிவினரிடையே பகை வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினரைப் பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அங்கே தமாஷ் என்ற சமாதானம் எடுபடுவது கஷ்டம்.

சிரிப்பு முற்றினால் எதுவரை போகும் என்பதற்கு ருவாண்டா இருக்கிறது. 1993 ஜூலையில் அங்கே ஆர்.டி.எல்.எம். என்ற ரேடியோ தொடங்கியது. அரசு ரேடியோ மாதிரி விறைப்பாக இல்லாமல் பாட்டு, தெருப்பேச்சு, ஜோக். கன்டானோ ஹபிமானா என்ற அறிவிப்பாளர் பேச்சுக்குப் பெரிய ரசிகர் கூட்டம். அதே ரேடியோ டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. 1994 ஏப்ரல் தொடங்கி சுமார் நூறு நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அதே ரேடியோதான். அதை நிறுவியவர்களில் இருவருக்கு 2003-ல் ஐ.நா. தீர்ப்பாயம் தண்டனை கொடுத்தது. உத்திரமேரூர் ருவாண்டா ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. அங்கேயும் முதலில் சிரிக்கத்தான் வைத்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்ம ஊர்க் கணக்கு

நம் ஊரில் இதன் சேதாரம் சத்தமில்லாமல் நடக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. "தலைவரம்மா பேருக்குத்தான், கையெழுத்து வூட்டுக்காரர் போடுவார்" என்ற ஜோக்கைக் கேட்காத ஊர் இல்லை. உண்மையிலேயே கணவர் அதிகாரம் பண்ணினால் அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் தானே கணக்குப் பார்த்து, தானே பி.டி.ஓ. ஆபீஸ் ஏறி இறங்கும் பெண்ணுக்கும் அதே ஜோக்தான் விழுகிறது. தனித் தொகுதியில் ஜெயித்த தலைவருக்கு இன்னும் மோசமானதெல்லாம் விழும். அடுத்த முறை நிற்கச் சொன்னால், "எதுக்கு இந்தப் பேச்சு வாங்கணும்?" என்று வீட்டிலேயே தடுத்துவிடுவார்கள்.

குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர் இது. பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. கணக்குக் காட்டாதவர் தேர்தலுக்கு நிற்கக் கூடாது என்று அதில் இருப்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அவருடைய சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது என்று தொடர்ந்து எழுதியிருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒருவன் செய்ததை அவன் ரத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பது அப்போதே இருந்த பழக்கம்.

அடுத்த கூட்டத்தில் பேச்சு திசை மாறினால் என்ன செய்யலாம்? சிம்பிளாக ஒன்று. அந்த ஜோக்கில் உங்கள் கட்சித் தலைவர் பெயரையோ உங்கள் அக்கா பெயரையோ வைத்துப் பாருங்கள். ரோடு ஜோக் அப்படியே நிற்கும், கொஞ்சம் சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். பிறப்பு ஜோக் வாயில் வராது. தேர்தல் அறிவித்த பிறகு என்றால், சி-விஜில் செயலியில் புகார் செய்யலாம். நூறு நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. வீடியோ இரண்டு நிமிஷம் வரை எடுக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்ததைப் போட முடியாது. அந்த இடத்தில் நின்று, நீங்களே எடுக்கணும்.