மரத்தூளும் மளிகைக் கிட்டங்கியும்

மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவனுக்கு மரப்பட்டறைத் தூசியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். 2021-ல் திருமங்கலத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் 12 மூட்டை ரவையைத் திருப்பி அனுப்பும் வரையில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என் இளைய மகன் 2019-ல் எங்கள் கிட்டங்கியின் பின்கட்டில் மரச்சாமான் பட்டறை ஆரம்பித்தான். வாடகை மிச்சம், பையனும் கண்பார்வையில் இருப்பான் என்று நானும் சம்மதித்தேன். ஒரு வட்ட ரம்பம், ஒரு இழைப்பு மெஷின், தேய்க்கிற மெஷின் இரண்டு. நடுவில் சுவர், சுவரில் ஒரு கதவு. ஆறே மாதத்தில் தராசுத் தட்டில் விரலால் பெயர் எழுதலாம் என்ற நிலைமை. மூட்டைகளைத் தினம் தட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினோம். தட்டினால் வெளித்தூசி போகும். சாக்கின் இழை வழியே உள்ளே இறங்கியது போகுமா? ரவையில் தேக்கு வாசனை வருகிறது என்று திருமங்கலத்துக்காரர் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை.

சரக்கு போனால் பணம்தான் போகும். அதே வருடம் பட்டறை மேஸ்திரி ஒருநாள் மூக்கைத் துடைத்த துண்டில் ரத்தம் பார்த்தார். வயது 54. "முப்பது வருசமா தின்னாத தூசியா, அண்ணாச்சி" என்றவரை நான்தான் வற்புறுத்திக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதுதான். இவருக்கு வெறும் ஒவ்வாமை என்று தெரிந்து மூச்சு வந்தது. ஆனால் மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது என்று அவர் சொன்னபோது மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. இங்கிலாந்தில் நாற்காலிக்குப் பேர்போன ஹை விக்கம் என்ற ஊரில், மரவேலைக்காரர்களுக்கு மூக்கின் உட்புறத்தில் அபூர்வமான புற்றுநோய் அதிகமாக வருவதை 1960-களில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்களாம். தரையில் குவிகிற தூளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கிற நைஸ் தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது.

உடனே தூசி உறிஞ்சும் கருவி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அதைத் தப்பாக வாங்கியவனும் நான்தான். நாற்பது வருடம் கொள்முதல் செய்தவன் என்ற தைரியத்தில் இரண்டே கேள்வி கேட்டேன்: எத்தனை குதிரைத்திறன், கடைசி விலை என்ன? 1 குதிரைத்திறன் மோட்டாரும் ஒரு துணிப்பையும் வந்து சேர்ந்தன. அந்தப் பை இழைப்புச் சுருளையும் பருந்தூளையும் பிடித்துக்கொண்டு, நைஸ் தூசியைப் புகை மாதிரி வெளியே ஊதியது. உமியைப் பிடித்து மாவைக் கீழே விடுகிற சல்லடைதான். முன்பு தரையில் கிடந்ததும் இப்போது ஆள் உயரத்தில் மிதந்தது!

பிறகுதான் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து விளக்கினார். குதிரைத்திறனைவிட முக்கியம், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கிறது என்பது. வீட்டு வாக்குவம் கிளீனர் வேகமாக இழுக்கும், ஆனால் கொஞ்சம் காற்றைத்தான் இழுக்கும். பட்டறைக்கு வேண்டியது நிறையக் காற்று. அதிலும் கருவியின் தகட்டில் எழுதியிருக்கிற கணக்கு, குழாயும் பையும் மாட்டாமல் எடுத்ததாக இருக்கும். சாக்கில் அச்சடித்த எடை ஒன்று, தராசில் நிற்கிற எடை ஒன்று என்பது நமக்குத் தெரியாததா?

மரத்தூள் குழாயில் தங்காமல் ஓட, காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். 4 அங்குலக் குழாயில் அந்த வேகத்துக்கு 350 கன அடி காற்று போகும். 6 அங்குலக் குழாயில் 785. விட்டம் ஒன்றரை மடங்கானால் காற்று இரண்டே கால் மடங்கு. அதற்காக எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டால், மோட்டார் சிறிதாக இருக்கும்பட்சத்தில் வேகம் குறைந்து தூள் குழாயிலேயே படுத்துவிடும். நாங்கள் முதலில் போட்டிருந்த சுருள் ஹோஸ் 40 அடி. அதன் உள்வளையங்களில் உரசியே பாதி வேகம் போயிருக்கிறது. இப்போது மெயின் குழாய் வழுவழுப்பான ஜி.ஐ. தகரம், ஹோஸ் மெஷினுக்குப் பக்கத்தில் மட்டும் 3 அடி. கிளைகளை நேர்குறுக்காகச் சேர்க்காமல் 45 டிகிரி சாய்வில் சேர்த்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு அடைப்புத் தகடு: ஓடுகிற மெஷினுக்கு மட்டும் திறப்பது, மற்றதை மூடுவது. ரம்பத்துக்கு அடியில் தகரத்தால் கூடு கட்டினோம். தூசி பிறக்கிற இடத்திலேயே பிடிக்காவிட்டால் எத்தனை பெரிய மோட்டாரும் வீண்.

கருவியை மாற்றினோம். 3 குதிரைத்திறன் மோட்டார், அதற்கு முன்னால் சைக்ளோன் என்கிற கூம்பு. காற்று அதற்குள் சுழலும்போது கனமான தூளெல்லாம் கீழே உள்ள டிரம்மில் விழுந்துவிடும். நைஸ் தூசி மட்டும் 1 மைக்ரான் வடிகட்டிக்குப் போகும். வடிகட்டி சீக்கிரம் அடைபடாது. ஆணித்துண்டு எதுவும் விசிறியில் மோதிப் பொறி கிளப்பாமல் பெரும்பாலும் டிரம்மிலேயே விழுந்துவிடுகிறது. மின் இணைப்பின் அனுமதித்த லோடை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை எழுதினால் இதழ் போதாது.

கருவியைக் கட்டடத்துக்கு வெளியே தனிக் கொட்டகையில் வைத்தோம். காரணம் தீ. மாவு, மிளகாய்த் தூள் அரவை வைத்திருக்கிற அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குவித்து வைத்த மாவு மெதுவாகக் கருகும். அதே மாவு அடைத்த அறைக்குள் காற்றில் கலந்து நிற்கும்போது ஒரு பொறி விழுந்தால் வெடிக்கும். இத்தாலியில் டூரின் நகர ரொட்டிக் கடை ஒன்றில் 1785-ல் விளக்கு வெளிச்சத்தில் மாவு அள்ளும்போது வெடித்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் மாவு மில் 1878-ல் வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2008-ல் ஜார்ஜியா மாநிலத்துச் சர்க்கரை ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். நாம் மூட்டை மூட்டையாக விற்கிற அதே சர்க்கரைதான். ஓடுகிற தூசி தகரக் குழாயிலும் மின்னூட்டம் சேர்க்கும் என்பதால் எல்லாக் குழாய்க்கும் எர்த் கொடுத்திருக்கிறோம். டிரம்மை ராத்திரிக்கு நிரம்பியபடி விடுவதில்லை. கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கத்தையும் நிறுத்தியாயிற்று.

இன்னொன்று. கிட்டங்கிக்கு எடுத்த தீக் காப்பீட்டில் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தது மளிகைச் சரக்கு மட்டும். தொழில் மாறி ஆபத்து கூடினால் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. இரண்டு வருடம் அது தெரியாமலே பிரீமியம் கட்டியிருக்கிறேன். நடுவில் ஒரு பொறி விழுந்திருந்தால் ஒரு ரூபாய் கேட்கவும் வாயில்லாமல் நின்றிருப்பேன். இப்போது மேற்குறிப்பு எழுதி வாங்கியாயிற்று. சுவரில் இருந்த கதவையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம்.

மொத்தச் செலவில், முதலில் வாங்கிய கருவிக்குக் கொடுத்த முப்பதாயிரம் சுத்த நஷ்டம். மரத்தூளைக் கோழிப்பண்ணைக்காரர் வந்து எடுத்துக்கொள்கிறார். பிளைவுட் தூளை மட்டும் கொடுப்பதில்லை. தேய்க்கிற வேலையில் இன்னமும் கொஞ்சம் தூசி தப்புகிறது, அதற்கு முகமூடி கட்டாயம். மேஸ்திரி அதைப் பாதி நேரம் தாடையில்தான் மாட்டியிருக்கிறார்.

திருமங்கலத்துக்காரர் திரும்ப வந்துவிட்டார். மூட்டை இறங்கியதும் அதை ஒரு தடவு தடவி, உள்ளங்கையைப் பார்த்த பிறகுதான் பில்லை வாங்குகிறார்.