சொகுசு கார் வரி யார் தலையில்?

ஜெர்மனியில் பென்ஸ் கார் வாங்குபவர் செலுத்தும் பெறுமதி சேர் வரி 19 சதவீதம். இலங்கையில் அது 18 சதவீதம்தான். ஆனால் இங்கே சுங்க வரி, இயந்திரக் கொள்ளளவைப் பார்த்து விதிக்கும் உற்பத்தித் தீர்வை, சொகுசு வரி எல்லாம் சேர்கின்றன. வரிக்கு மேலும் வரி விழுகிறது. 2025 விதிப்படி, பெட்ரோல் காரின் இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் மிகுதிக்கு 100 சதவீதம் சொகுசு வரி.

டொலரைக் காக்க இது தேவை என்பார்கள். 2022 நெருக்கடியைக் கண்ட நாட்டில் அந்த அச்சம் நியாயமானதே. சொகுசு வரியை நானும் ஏற்கிறேன். ஆனால் உற்பத்தித் தீர்வை சிறிய காரையும் விடுவதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தும், கண்டி மஹய்யாவவில் ஓட்டோ ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்குச் சிறு காரும் எட்டாது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கோ பல ஆண்டுகள் தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அரசு முதலில் குறைக்க வேண்டியது சிறிய காரின் தீர்வையை.