60 குண்டு, 2 மில்லிமீட்டர்: லட்சங்களில் விற்கும் ஏர் ரைஃபிளில் இனியும் என்ன மாத்த முடியும்?

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக், மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்று. இந்தியாவின் ரமிதா ஜிந்தால் 631.5 புள்ளியுடன் 5-ம் இடம் பிடித்து இறுதிச்சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. அவருக்குக் கிடைத்தது 10-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச்சுற்று என்பதால், அதோடு வெளியே.

இருவருக்கும் இடையே வித்தியாசம் வெறும் 0.8 புள்ளி. இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. கூட்டிப் பார்த்தால், 60 குண்டுகளையும் சேர்த்து மொத்த வித்தியாசம் 2 மி.மீ. ஒரு குண்டுக்குக் கணக்குப் போட்டால் தலைமுடியின் தடிமன்கூட இல்லை!

அப்போ கேள்வி இதுதான்: இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில், ஏற்கெனவே ‘உச்சம்’ என்று சொல்லப்படும் துப்பாக்கியை இன்னும் மேம்படுத்த முடியுமா? முடியும் என்றால், எதை?

முதலில், இது என்ன துப்பாக்கி?

சிவகாசி, ஆலங்குளம் பக்கம் ‘துப்பாக்கி’ என்றாலே தீபாவளி பொட்டு வெடிதான் ஞாபகம் வரும். அதில் சின்னதாக ஒரு மருந்து வெடிக்கும். ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. நம்ம கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். அதைப் போல கிட்டத்தட்ட நூறு மடங்கு.

குண்டு, அதாவது ‘பெல்லட்’, 4.5 மி.மீ விட்டம், சுமார் அரை கிராம் எடை. வினாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் போகும். இலக்கின் நடுப்புள்ளி, அதாவது 10-ன் வட்டம், அரை மி.மீ விட்டம்தான். அதன் மையத்தைத் துல்லியமாகத் துளைத்தால் அதிகபட்சம் 10.9.

உலக அளவில் பெரும்பாலும் ஜெர்மனித் தயாரிப்புகள்தான் கோலோச்சுகின்றன. உல்ம் நகரின் வால்தர், அன்ஷூட்ஸ், ஓபர்ன்டார்ஃப் நகரின் ஃபைன்வெர்க்பாவ் ஆகியவை முக்கியமான பெயர்கள். மேல்மட்ட மாடல்களின் விலை சில லட்சங்கள்.

எதையெல்லாம் ‘அட்ஜஸ்ட்’ செய்யலாம்?

ஏறக்குறைய எல்லாவற்றையும்.

* தோளில் படும் தகட்டை மேலே, கீழே, முன்னே, பின்னே நகர்த்தலாம், சாய்க்கவும் செய்யலாம்.
* கன்னம் பதியும் பகுதியின் உயரம், கோணம்.
* கைப்பிடியின் திருப்பமும் தூரமும்.
* ட்ரிகரின் எடை. பல ரைஃபிள்களில் 100 கிராமுக்கும் கீழே இறக்கலாம்.
* பார்வைத் துளை, முன்வளையத்தின் அளவு.
* எடைக்கட்டிகளைச் சேர்த்து, ரைஃபிளின் சமநிலையை மாற்றலாம்.

ஒரே ரைஃபிளை ஆறடி ஆளும் பயன்படுத்தலாம், ஐந்தடி ஆளும் பயன்படுத்தலாம். தையல்காரரிடம் அளவு கொடுக்கிற மாதிரிதான்.

விவாதம் 1: இன்னும் திருகு வேணுமா, போதுமா?

ஒரு தரப்பு சொல்வது: மனித உடல் ஒவ்வொன்றும் வேறு, எனவே எவ்வளவு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எதிர்த்தரப்பு சொல்வது: திருகு அதிகமானால் குழப்பமும் அதிகம். ஒரு மோசமான நாளில் ஸ்கோர் குறைந்தால், பிழை நிலைப்பாட்டிலா, மூச்சிலா, துப்பாக்கியிலா என்று தெரியாது. உடனே கை திருகைத் தேடிப் போகும். நாலு இடத்தில் மாற்றிய பிறகு எது சரி செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் புரியாது.

இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. மாற்றிய அளவை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியணும். விமானப் பயணத்துக்காகக் கழற்றிய ரைஃபிளை வேறொரு நாட்டில் மாட்டும்போது, கன்னப்பகுதி அரை மி.மீ தள்ளிப் போனால்கூட கண் பழைய இடத்தில் நிற்காது. ஆக, புதிய திருகைவிட தெளிவான அளவுகோல் கோடுகளும், அதிர்வில் தளராத பூட்டும்தான் உடனடித் தேவை.

விவாதம் 2: ட்ரிகருக்கு பேட்டரி தேவையா?

சாதாரண ட்ரிகரில் நெம்புகோல்களும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வேலை செய்யும். மின்னணு ட்ரிகரில் விரல் ஒரு சுவிட்சைத் தொட, மின்சாரம் வால்வைத் திறக்கும். இதை விரும்புபவர்கள், ‘ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உணர்வு, தேய்மானம் குறைவு’ என்கிறார்கள். வேண்டாம் என்பவர்களின் கேள்வியும் நியாயமானதே: சார்ஜ் தீர்ந்தால்? ஈரம் இறங்கினால்? ரிப்பேருக்கு எந்த ஊருக்குப் போவது? விலையும் கூடுதல். மெக்கானிக்கல் ட்ரிகரை நல்ல துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் திறந்து சரிசெய்யலாம். சர்க்யூட் போர்டு போனால் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் பார்சல்.

விவாதம் 3: காற்றும் பின்னுதைப்பும்

சிலிண்டரில் காற்று குறையக் குறைய அழுத்தம் இறங்கும். ஆனால் முதல் குண்டும் 60-வது குண்டும் ஒரே வேகத்தில் போகணும். அதற்காகத்தான் நடுவில் ‘ரெகுலேட்டர்’. வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பது மாதிரியேதான் இதன் வேலை. சுடும்போது எழும் லேசான உதைப்பை அடக்க, உள்ளே எதிர்த்திசையில் நகரும் சிறு எடையையும் பல நிறுவனங்கள் வைத்துவிட்டன. இந்த இரண்டிலும் பெரிய பாய்ச்சல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இனி வரும் மேம்பாடுகள் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும்.

பெல்லட் விஷயம் அப்படியில்லை. ஒரே பிராண்டு, ஒரே டின் டிசைன், ஆனால் தயாரிப்புத் தொகுதி வேறு என்றால், ஒரு ரைஃபிளுக்கு அது ஒத்துப்போகும், இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. அதனால்தான் முன்னணி வீரர்கள் ரைஃபிளை இறுக்கிப் பிடித்து வைத்து, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்துவதை மொத்தமாக வாங்குகிறார்கள். புது ரைஃபிள் வாங்கும் முன் இதைச் செய்வது பல நேரங்களில் மலிவான வழி.

போன் கேமராவில் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் இதுல வராதா?

டெக்னாலஜி இருக்கு. விதி அனுமதிக்காது. சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, ரைஃபிளின் ஆட்டத்தைத் தானாகக் குறைக்கும் எந்தக் கருவிக்கும் இடமில்லை. டெலஸ்கோப்பும் கூடாது. மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆட்டத்தை அடக்குவதுதானே இந்த விளையாட்டு? அதை மெஷின் செய்துவிட்டால் மனிதருக்கு என்ன வேலை?

அப்போ துப்பாக்கி முக்கியமில்லையா?

அபினவ் பிந்த்ராவைக் கேட்டால் தெரியும். 2008 பெய்ஜிங்கில் இறுதிச்சுற்றுக்கு முன் அவர் சுட்ட பயிற்சிக் குண்டு எங்கோ விலகிப் போனது. பார்வைக் கருவியின் அமைப்பு மாறியிருந்தது. பதற்றப்படாமல் அங்கேயே திருத்தினார். கடைசிக் குண்டு 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. 2016 ரியோவில் போட்டி நாளன்று ரைஃபிள் கீழே விழுந்து பார்வைக் கருவி உடைந்தது. மாற்றுக் கருவியோடு சுட்டவர் 4-ம் இடத்தில் முடித்தார்.

இரண்டிலும் பிரச்சினை ட்ரிகரோ சிலிண்டரோ இல்லை. சட்டென மாறிவிடாத, விழுந்தாலும் தாங்குகிற ஒரு பார்வைக் கருவி இல்லாததுதான்.

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு என்ன?

2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலையும் 4.5 மி.மீ விட்டத்தையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் சுமார் 7 ஜூல்தான். ஆக, ஆலங்குளத்தில் ஒரு ஏழாம் வகுப்பு மாணவி சுட ஆசைப்பட்டால், சட்டத்தைவிட விலையும் அளவும்தான் பெரிய தடை. பெரியவர்களுக்காக வடிவமைத்த ஐந்து கிலோ ரைஃபிளை எவ்வளவு சுருக்கினாலும் 12 வயது உடம்புக்கு அது பாரம்தான். பொருந்தாத ரைஃபிளைத் தாங்க உடம்பை வளைத்துப் பழகினால், அந்தத் தப்பான நிலைப்பாடு பிறகு மாறவே மாறாது.

அதனால் ‘அடுத்த மேம்பாடு என்ன’ என்ற பட்டியலில் மின்னணு ட்ரிகருக்கு மேலே வரவேண்டியவை மூன்று: எடை குறைந்த, சிறுவர்கள் அளவுக்கு இறங்கும் கட்டை, உள்ளூரிலேயே கிடைக்கும் உதிரிபாகங்கள், மாவட்டத்துக்கு ஒருவராவது பழுது பார்க்கத் தெரிந்த ஆள். 2 மி.மீ-க்காக ஜெர்மனியில் ஆராய்ச்சி நடக்கட்டும். இங்கே முதலில் துப்பாக்கி தோளுக்குப் பொருந்தட்டும்.