வலிய எஃகும் நலியும்: ஹைட்ரஜனைத் தாங்கும் உலோகங்கள்

2023 ஜனவரி 4-ஆம் நாள் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை ரூ.19,744 கோடி. 2030-க்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை எய்துவது இலக்கு. எனினும், அவ்வாயுவை அடைத்து வைக்கும் கலன் பற்றியும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

வாயுக்களுள் மிக இலேசானது ஹைட்ரஜன். ஆகவே அதனைச் சிறிய கலனில் நிரப்பப் பேரழுத்தம் தேவைப்படுகிறது. வாகனக் கலன்களில் இது 350 அல்லது 700 பார். அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ அத்தனை மடங்கு. அழுத்தம் மிகுந்தால் உலோகத்தின் வலிமையையும் மிகுத்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். உண்மை அதுவன்று.

இரண்டு அணுக்களாலான ஹைட்ரஜன் மூலக்கூறு, உலோகப் பரப்பில் பிளவுபட்டுத் தனித்தனி அணுக்களாக உள்ளே புகுகிறது. கீறலின் முனை, பற்றவைப்பின் ஓரம் போன்று இழுவிசை மிகுந்த இடங்களில் அவ்வணுக்கள் திரள்கின்றன. மென்மையான எஃகு சற்றே நெகிழ்ந்து கொடுத்து அவ்விசையைத் தணித்துக் கொள்கிறது. மிக வலிய எஃகோ நெகிழாமல் விரிசல் காண்கிறது. வலிமை கூடக் கூட இவ்வபாயமும் கூடுகிறது.

வெப்பமும் சேரும்போது வேறொரு கேடு விளைகிறது. ஜெர்மனியில் அம்மோனியா உற்பத்தியைத் தொழில்முறையில் அமைக்க முனைந்த கார்ல் போஷ் இதனை நேரில் கண்டார். எஃகிலிருந்த கரியை ஹைட்ரஜன் கவர்ந்து மீத்தேனாக மாற்றியமையால் சோதனைக் குழாய்கள் வெடித்தன. அவர் உட்புறம் கரி குறைந்த மென்மையான இரும்பாலான உறை அமைத்து, வெளிப்புற எஃகில் சிறு துளைகளிட்டார். ஊடுருவிய வாயு அவற்றின் வழியே வெளியேறியது. 1913-இல் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது.

இன்று இதற்குப் பல வழிகள் உள்ளன. வெப்பமிகு கலன்களுக்கான எஃகில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்க்கப்படுகின்றன. அவை கரியை இறுகப் பிணைத்துக் கொள்கின்றன. நிக்கல் போதிய அளவில் கலந்த சிலவகைத் துருவேறா எஃகுகளில் ஹைட்ரஜன் மிக மெதுவாகவே பரவுகிறது. வனேடியம், டைட்டானியம் ஆகியவற்றின் நுண்ணிய கார்பைடு துகள்கள், உட்புகுந்த அணுக்களை ஆங்காங்கே பற்றி நிறுத்தி, ஓரிடத்தில் திரளாமல் தடுக்கின்றன.

நிக்கலும் மாலிப்டினமும் விலை மிகுந்தவை என்பது உண்மையே. ஆயின், கலனின் விலையை வாங்கும் நாளில் மட்டும் கணக்கிடலாகாது. அதன் ஆயுட்காலம், பராமரிப்புச் செலவு, விபத்தின் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். காற்றில் சோதித்துப் பெற்ற வலிமை எண், ஹைட்ரஜனில் துணை நிற்காது. ஆகவே, உயரழுத்த ஹைட்ரஜனிலேயே உலோகம் சோதிக்கப்பட்டதற்கான சான்றினை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாக்குவது சிக்கனத்திற்கு மாறானதன்று. கலனருகே பணிபுரியும் தொழிலாளியின் உயிருக்கு அச்சான்றே முதற்காப்பு.