மைசூர் மீண்ட வரலாறு

வாளால் இழந்த நாட்டை வாளாலேயே மீட்டதாகச் சரித்திரம் பல இடங்களில் கூறும். மைசூர் இராச்சியமோ மனுக்களாலும் பேச்சுவார்த்தையாலும் மீட்கப்பட்டது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரின் ஒரு பகுதியை உடையார் வமிசத்திடம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் 7 லட்சம் வராகன், அதாவது 24.5 லட்சம் ரூபாய், கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். இத்தொகைக்கு ஆபத்து நேருமெனக் கருதினால் கம்பெனி நிர்வாகத்தில் தலையிடலாம் என்பது உடன்படிக்கையின் விதி. 1830-ல் நகர் பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதைத் தொடர்ந்து 1831-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு ஆட்சியைக் கைக்கொண்டார்.

தலையிடும் உரிமை நாட்டையே எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகுமா? வழக்கின் மையம் இதுவே. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இடைவிடாது முறையிட்டார். அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர்கள் மறுத்தனர். 1865-ல் அவர் சாமராஜேந்திரரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1867-ல்தான், சுவீகார மகனுக்கு உரிய வயது வந்ததும் இராச்சியத்தை ஒப்படைப்பதென லண்டன் அரசு முடிவு செய்தது. மறு ஆண்டே முதிய மன்னர் காலமானார். தம் போராட்டத்தின் பலனை அவர் காணவில்லை.

1881 மார்ச் 25-ல் ஆட்சி திரும்பியது. ஆனால் அது நிபந்தனைகளோடு வந்தது. ஆண்டுத் தொகை 35 லட்சமாக உயரும் என விதிக்கப்பட்டது. 1876-78 பஞ்சத்தால் நாடு நலிந்திருந்தமையால் அவ்வுயர்வு 1896 வரை ஒத்திவைக்கப்பட்டது. பெங்களூர் இராணுவக் குடியிருப்புப் பகுதி ஆங்கிலேயர் வசமே நின்றது. அதற்கு ஈடாக ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூருக்குக் கிடைத்தது.

முதல் திவானாகப் பொறுப்பேற்றவர், செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ரங்காச்சார்லு. அவ்வாண்டு அக்டோபரிலேயே அவர் மைசூர் நகரில் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். மீண்ட அதிகாரம் அரண்மனையோடு நின்றுவிடாமல், மக்களின் குறைகளைக் கேட்கும் வழியாகவும் அமைய வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆயினும் உடன்படிக்கையின் சுமை நீடித்தது. வரி வருவாயில் பெருந்தொகை ஆண்டுதோறும் வெளியேறியது. ஏரிக்கும் பள்ளிக்கும் செலவிட எஞ்சியது அந்த அளவுக்குக் குறைந்தது. உயர்த்திய 10.5 லட்சத்தைத் தள்ளுபடி செய்யும் அறிவிப்பு 1927-ல்தான் வந்தது. பெங்களூர்ப் பகுதி 1947-ல் திரும்பியது.

நாட்டைத் திரும்பப் பெறுவது பேச்சுவார்த்தையின் பாதி வெற்றியே. எத்தகைய நிபந்தனைகளோடு பெறுகிறோம் என்பதே அடுத்த தலைமுறையின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.